மூன்று மணி நேரம்

ஊசி போட்டாகிவிட்டது.
மூன்று மணி நேரம் கழித்து வாருங்கள், என்கிறாள் செவிலி.
நிறையத் தண்ணீர் குடியுங்கள்.
இன்று முழுக்கக் குழந்தைகளை மடியில் வைத்துக்கொள்ள வேண்டாம்.
என் மகனுக்கு முப்பத்தொன்று நடக்கிறது.
மடியில் வைத்துக்கொள்ள எனக்கு இருப்பது
ஒரு கருவிப் பை.

வெளியே கௌனாஸ் நகரம்
மார்ச் மாதச் சேற்றில் கால் மாற்றி நிற்கிறது.
நெமுனாஸில் பனிக்கட்டி உடைந்து போகிறது.
என் எலும்புகளுக்குள் அந்த மருந்து
வீடு வீடாகக் கதவு தட்டுகிறது,
கணக்கெடுக்க வந்தவனைப் போல:
இங்கே எத்தனை பேர்?
புதிதாக யாராவது குடிவந்திருக்கிறார்களா?

நான் பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவள்.
முப்பது வருடமாக ஒரே பக்கம் தலை சாய்த்துக் கேட்டவள்.
வலிப்பது அதனால்தான் என்று சொல்லிப் பார்த்தேன்.
இடது முலையை எடுத்த பிறகு
தோள் முன்னால் வந்து குனிந்துகொண்டது,
காலி வீட்டைக் காக்கும் காவல்காரனைப் போல.
அதனால் என்றும் சொல்லிப் பார்த்தேன்.
மெத்தை பழசு என்றேன்.
இரவு மூன்று மணிக்கு
எந்தக் காரணமும் கூட வந்து படுப்பதில்லை.

முதுகு வலித்தால் முதுகுவலி என்று
ஒரு காலம் இருந்தது.
இப்போது முதுகு ‘அம்மா’ என்றால்
நான் ‘யாரது?’ என்கிறேன்.

வெளியே போகும்போது சிலிக்கான் வைத்துக்கொள்வேன்.
வீட்டுக்கு, பழைய காலுறையில் பார்லி நிரப்பித் தைத்த ஒன்று.
ஒரு பக்கம் கனம் குறைந்தால் முதுகெலும்பு கோணும் என்றார்கள்.
எவ்வளவு நிரப்புவது?
ஒருநாள் குனிந்து
சமையலறைத் தராசில் வலதை வைத்து நிறுத்தேன்.
நானூற்றுப் பத்து கிராம்.
இதை யாரிடமும் சொன்னதில்லை.

பிசியோதெரபிக்கு எய்மந்தாஸ் என்றொரு பையன்.
சுவரில் விரல்களை ஏறவிடுங்கள், சிலந்தியைப் போல,
எட்டிய இடத்தில் பென்சில் கோடு போடுங்கள், என்பான்.
கதவோரம் போட்டேன்.
அங்கே ஏற்கெனவே
யோகூபாஸ் வளர்ந்த கோடுகள்.
நவம்பரில் என் கை அவனுடைய ஏழு வயது.
கிறிஸ்துமஸுக்கு ஒன்பது.
பிப்ரவரியில் இந்தக் கழுத்துவலி வந்தது,
மறுபடி எட்டு.

இன்னும் இரண்டு மணி நேரம் பாக்கி.
மருத்துவமனை உணவகத்தின் மூலையில்
யாரோ தானம் கொடுத்த பியானோ.
மூடியில் காபி வட்டங்கள்.
பேசாமல் தண்ணீர் குடித்திருக்கலாம்.
நடு ஸ்தாயியில் ஒரு கட்டையைத் தட்டினேன்.
இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று நம்பாவிட்டால்
ஒலி அலையும், வ்வோ வ்வோ வ்வோ என்று,
படுக்கையில் புரள்பவளைப் போல.
பையைத் திறந்தேன்.

தரை துடைக்கும் பெண் நின்று பார்த்தாள்.
‘அதை யாரும் வாசிப்பதில்லையே.’
‘தெரியும்.’
‘அப்புறம்?’
‘கழுத்தை வலிக்கிறது,’ என்றேன்,
அதுவே பதில் என்பதுபோல.
அவள் ஒரு நாற்காலியை இழுத்து
என் முதுகுக்குப் பின்னால் போட்டுவிட்டுப் போனாள்.
பதினேழு கட்டைகள் சேர்த்தேன்.
நேரம் முடிந்தது.

எந்திரத்தின் கீழே மல்லாந்து
இருபது நிமிடம் அசையக் கூடாது.
வலி மட்டும் எழுந்து நடமாடியது.

நான்கு நாள் கழித்து, ஒரு பல் டாக்டர் வீட்டில்,
திறந்த பியானோவுக்குள் தலையை விட்டிருந்தபோது
கைபேசி அடித்தது.
டாக்டர் ஸ்காய்ஸ்தே.
‘வேறொன்றும் இல்லை. கழுத்தெலும்பில் தேய்மானம்.
உங்கள் வயதில் சகஜம்.’
‘மறுபடி சொல்லுங்கள்.’
‘தேய்மானம்.’
‘அதில்லை. கடைசியில் சொன்னது.’
‘உங்கள் வயதில் சகஜம்.’

கம்பி ஏதும் அறுந்துவிட்டதா என்று
வீட்டுக்காரர் ஓடிவந்தார்.
நான் அப்படித்தான் சிரித்திருக்கிறேன் போல.

வலி போகவில்லை.
மாத்திரை அதே மாத்திரை.
மாலை, பையோடு பேருந்துப் படியில் ஏறும்போது
கழுத்து ‘அம்மா’ என்றது.
‘என்னடி,’ என்றேன்.